இடுப்புப் பிடிப்புக்கு தினமும் பந்து வைத்து அழுத்துவது: பலன் உண்டா?

ரங்கூன் தையல்காரன்:
நாளைக்குப் பத்து மணி நேரம் மிஷினில் உட்கார்ந்து கைலி மூட்டுகிறவன் நான். எழுந்தால் நாலு எட்டு வைக்கும்வரை இடுப்பு நிமிராது. மூன்று மாதமாகப் படுக்கப் போகும் முன் சுவருக்கும் பிட்டத்துக்கும் நடுவில் டென்னிஸ் பந்தை வைத்துச் சாய்கிறேன். வலிக்கிற இடம் அகப்பட்டதும் அரை நிமிஷம் அசையாமல் நிற்பேன், அப்புறம் அடுத்த இடம். மொத்தம் ஐந்து நிமிஷம். இப்போது சம்மணம் போட்டுச் சாப்பிட முடிகிறது. எல்லோரும் செய்யலாம்.

மோல்மேன்காரி:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். சுகமாக இருப்பதும் சரியாவதும் ஒன்றா? பந்தை எடுத்ததும் இடுப்பு கூடுதலாக வளையும். கொஞ்ச நேரம் போனால் பழைய குருடி கதவைத் திறடிதான். தசை ஒன்றும் நீளவில்லை, இழுப்பை நரம்பு சற்று நேரம் பொறுத்துக்கொள்கிறது. அதோடு, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அதிகம் இறுகுவது முன்பக்கத் தசை. அது கீழ்முதுகெலும்பில் தொடங்கி, குடலுக்குப் பின்னால் இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கம் போய் ஒட்டுகிறது. பிட்டத்தில் பந்தை வைத்தால் அது எப்படி இளகும்?

ரங்கூன் தையல்காரன்:
தங்கச்சி, குடலுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார முடிகிறதா, இல்லையா? முடிகிறது.

டீக்கடை முக்காலி:
நானும் ஆசைப்பட்டு, வீட்டில் டென்னிஸ் பந்து இல்லாததால் பையன் காலால் தட்டி விளையாடும் சின்லோன் பிரம்புப் பந்து மேல் படுத்தேன். பிரம்புப் பின்னல் அப்படியே பிட்டத்தில் அச்சாக விழுந்துவிட்டது. வீட்டுக்காரி சிரிப்பை நிறுத்தவே இல்லை. அது போகட்டும், கெண்டைக்கால் வரை சுள்ளென்று இழுத்ததே, அது ஏன்?

மோல்மேன்காரி:
அது நரம்பாக இருக்கும். பிட்டத்தின் ஆழத்தில் குறுக்கே ஒரு சின்னத் தசை ஓடுகிறது. காலுக்குப் போகும் பெரிய நரம்பு பெரும்பாலோருக்கு அதன் அடியில்தான் வெளியே வருகிறது. சுள்ளென்றாலோ கால் மரத்தாலோ உடனே பந்தை எடுத்துவிடுங்கள். இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பு மேல் வேண்டாம். தொடைச் சந்தில் நாடி துடிக்கும் இடத்தில் கையே வைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் நீவவே கூடாது, டாக்டரிடம் போங்கள். உங்கள் பெயரில் இருக்கிற முக்காலியும் ஒரு காரணம். முட்டி இடுப்புக்கு மேலே நிற்க, ஒரு மணி நேரம் கதை பேசினால் இடுப்பு என்ன ஆகும்?

தையல்கார அண்ணே, ஒரு கேள்வி. பந்துக்குப் பிறகு நேரே படுக்கைதானா?

ரங்கூன் தையல்காரன்:
இல்லை. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னால் வைத்து, இடுப்பை முன்னே தள்ளி நிற்பேன். பக்கத்துக்கு ஒரு நிமிஷம். அப்புறம் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைப் பத்துத் தடவை தூக்கி இறக்குவேன்.

மோல்மேன்காரி:
பார்த்தீர்களா! முன்பக்கத்தை இழுத்ததும் பின்பக்கத்துக்குப் பலம் கொடுத்ததும் அவைதான். பேரை மட்டும் பந்து தட்டிக்கொண்டு போய்விட்டது.

ரங்கூன் தையல்காரன்:
பந்து இல்லாமல் முட்டி போட்டுப் பார்த்தேன் தங்கச்சி, முதுகு பிடித்துக்கொண்டது. அழுத்திய பிறகுதான் அந்த நிலைக்கே உடம்பு இறங்குகிறது.

மோல்மேன்காரி:
அந்தக் கொஞ்ச நேரத் தளர்வைப் பயன்படுத்திக்கொள்கிறீர்கள் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாரம் பந்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மெதுவாகச் செய்து பாருங்களேன்.

ரங்கூன் தையல்காரன்:
அந்த இரண்டு வாரமும் நீ வந்து கைலி மூட்டு. விடுகிறேன்.