மறு: ‘பவுல் கேம்’ – ‘கிண்ணப் போட்டி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் (நாம் ஆடும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ‘பவுல் கேம்’ என்பதற்கு இங்கே முன்வைத்த ‘கிண்ணப் போட்டி’யை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் ‘உலகக் கோப்பை’ என்பதை இலங்கை நாளிதழ்கள் ‘உலகக் கிண்ணம்’ என்று எழுதுகின்றன. ரோஸ் பவுல் என்ற ஆட்டத்தைப் பற்றி ‘ரோஜாக் கிண்ணத்தை டெக்சாஸ் வென்றது’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர் கையில் ஏந்தும் பரிசைத்தான் நினைப்பார். இங்கே பவுல் என்பது மைதானம்.

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் புத்தாண்டுக் கால்பந்தாட்டம் முதன்முதலில் 1902-இல் நடந்தது. அப்போது பவுல் என்ற பெயரே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் கிண்ண வடிவ அரங்கைப் பின்பற்றி 1922-இல் அங்கே கட்டிய அரங்குக்கு ரோஸ் பவுல் என்று பெயரிட்டார்கள். அப்பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணப்படி இது இருமடியாகுபெயர்: கருமையைக் குறித்த ‘கார்’ மேகத்துக்கு ஆகி, அதிலிருந்து பருவத்துக்கும் ஆனதைப் போல. இன்று சுகர் பவுல் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில் கூரை வேய்ந்த அரங்கில் நடக்கிறது. வடிவத்தைப் பிடித்துக்கொண்டு சொல் தேடினால் வழி தவறிவிடுவோம்.

ஆட்டப் பருவம் முடிந்தபின் நன்றாக ஆடிய கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் தனி ஆட்டம் இது. எனவே ‘அழைப்பாட்டம்’ என்கிறேன். ரோஸ் பவுல் போன்ற சிறப்புப் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.

அடுத்து, ஒரு பருவத்தில் எந்த ஆட்டத்திலும் தோற்காத அணிக்கு முன்வைத்த ‘தோலா அணி’. பழந்தமிழில் தோலா என்றால் தோற்காத, அழகான சொல்தான். ஆனால் செய்தியில் படிப்பவருக்கு வாழைப்பழத் தோல்தான் நினைவுக்கு வரும். ‘தோல்வி காணாத’ போதும். ‘எல்லாவற்றிலும் வென்ற’ என்று மாற்றிவிடாதீர்கள்: 1966-இல் நோத்ர டாம், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணிகள் 10-10 எனச் சமன் செய்தன, இரண்டுமே அந்தப் பருவத்தில் தோற்கவில்லை.

எழுதிப் பார்த்தேன்:

‘2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பவுல் அழைப்பாட்டத்தில் தோல்வி காணாத இரு அணிகள் மோதின. தொடர்ந்து 34 ஆட்டங்களில் வென்றிருந்த தெற்குக் கலிபோர்னியா 38-33 என முன்னிலையில் இருந்தது. 19 நொடிகளே மிச்சம். நான்காம் முயற்சியில் டெக்சாஸின் வின்ஸ் யங் பந்துடன் தாமே ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார். முடிவில் 41-38 என டெக்சாஸ் வென்றது.’

‘அழைப்பாட்டம்’ என்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. அந்த ஆண்டு அதுவே தேசிய வாகையர் ஆட்டம் என்பதால் தரவரிசைதான் அணிகளைத் தீர்மானித்தது, அழைப்பு பெயரளவுக்கே. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.

‘எல்லைக்கோட்டைக் கடந்தார்’ என்று நான் சுற்றி வளைத்ததையும் கவனித்திருப்பீர்கள். அப்படிக் கடந்து புள்ளி எடுக்கும் டச்டவுனுக்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?