பழுது நீக்கி முடித்த உடனே மறுபடி ஓட்டினால் புதுப் பிழைகள்: சோதனைக் கருவியில் எங்கே திருத்துவது?

நிரல்தச்சன் (கேள்வி)

வணக்கம். லினக்ஸின் எக்ஸ்ட்4-ஐ ஒத்த அமைப்புள்ள ஒரு கோப்பு முறைமைக்குச் சோதித்துப் பழுது நீக்கும் கருவியை சி மொழியில் எழுதி வருகிறேன். 4 கேபி பிளாக், 128 எம்பி குரூப் (பிளாக்குகளின் தொகுதி), குரூப்புக்கு 8192 ஐநோடு (ஒரு கோப்பின் விவரமும் அதன் பிளாக்குகள் எங்கே என்பதும் இருக்கும் பதிவு), ஒரு ஐநோடு 256 பைட். எக்ஸ்ட்4-இன் சோதனைக் கருவியான இ2எஃப்எஸ்செக் போகும் அதே ஐந்து கட்ட வரிசைதான்: ஐநோடுகள், டைரக்டரி உள்ளீடுகள், மேல் டைரக்டரியோடு தொடர்பு, லிங்க் எண்ணிக்கை (ஒரு ஐநோடைச் சுட்டும் பெயர்கள் எத்தனை), கடைசியில் பிட்மேப் (எது காலி, எது பயனில் என்பதை 0, 1 எனக் காட்டும் வரைபடம்). மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

ஒன்று: பழுது நீக்கி "எல்லாம் சரி" என்று முடிகிறது. உடனே இரண்டாம் முறை ஓட்டினால், முதல் முறை இல்லாத பிழை வருகிறது: "ஒரே பிளாக்கை இரண்டு ஐநோடுகள் கோருகின்றன". எல்லா இமேஜிலும் (முழு வட்டின் நகல் கோப்பு) இல்லை. அனாதைக் கோப்புகளை (எந்த டைரக்டரியிலும் பெயர் இல்லாதவை) லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியில் சேர்க்க வேண்டி வந்த இமேஜ்களில் மட்டும்.

இரண்டு: பழுது நீக்கும் நடுவில் மின்சாரம் போனதுபோல் மெய்நிகர் கணினியை வெட்டினால், முன்பு இருந்ததைவிட மோசமாகிறது. இதற்காகப் பழைய உள்ளடக்கத்தைச் சேமிக்கும் ஒரு அன்டூ கோப்பு வைத்தேன். ஆனால் அதை வைத்துத் திருப்பினாலும் பழைய நிலை முழுதாக வருவதில்லை.

மூன்று: 20 டிபி இமேஜ், 12 கோடிக் கோப்புகள், 8 ஜிபி நினைவகம். இரண்டாம் கட்டத்தின் நடுவில் நினைவகம் தீர்ந்து கெர்னல் கருவியைக் கொன்றுவிடுகிறது. லிங்க் எண்ணிக்கைகளை ஹாஷ் டேபிளில் வைத்திருக்கிறேன்.

பிட்காவலர்

முதல் சிக்கலுக்கு ஒரே கேள்வி. லாஸ்ட்+ஃபவுண்டை நீட்டிக்கப் புது பிளாக் வேண்டும் அல்லவா, அதை எந்த பிட்மேப்பைப் பார்த்து எடுக்கிறீர்கள்?

நிரல்தச்சன்

வட்டில் இருக்கும் பிட்மேப்பைப் பார்த்துத்தான். அதில் 0 என்று இருக்கும் முதல் பிளாக்கை எடுத்துக்கொள்கிறேன்.

பிட்காவலர்

அங்கேதான் தவறு. இது வெறும் பிழைச் செய்தியோடு நிற்காது, பயனரின் தரவையே அழிக்கிறது. உடனே திருத்துங்கள்.

வட்டில் உள்ள பிட்மேப் சரியா தவறா என்பது ஐந்தாம் கட்டத்தில்தான் தெரியும். அதுவரை அது விசாரணையில் இருக்கும் சாட்சி. அதன் சொல்லை நம்பி எதையும் எழுதக் கூடாது. கெட்டுப்போன முறைமையில் "காலி" என்று பிட்மேப் காட்டும் பிளாக்கில் ஒரு கோப்பின் உள்ளடக்கம் இருக்கலாம். உங்கள் கருவி ஐந்தாம் கட்டத்துக்கு முன்பே அந்த பிளாக்கை எடுத்து அதன்மேல் டைரக்டரி உள்ளீடுகளை எழுதுகிறது. கோப்பின் ஐநோடு அதே பிளாக்கை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் ஓட்டத்தில் வரும் "இரண்டு ஐநோடுகள்" பிழை இதுதான். அந்தக் கோப்பின் 4 கேபி அதற்குள் போய்விட்டது.

முதல் கட்டத்தில் ஒவ்வொரு ஐநோடும் கோரும் பிளாக்குகளை நினைவகத்தில் ஒரு தனி வரைபடத்தில் குறிப்பீர்கள். இ2எஃப்எஸ்செக் புது பிளாக் ஒதுக்கும்போது பார்ப்பது அதைத்தான். ஒதுக்கும் செயல்கூறு ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது அந்த வரைபடத்தில் மட்டும் தேடி, எடுத்த அக்கணமே அங்கே 1 என்று குறிக்கட்டும். சூப்பர்பிளாக் (முழு முறைமையின் தலைமை விவரம்) நகல்கள், குரூப் விவர அட்டவணை, பிட்மேப்புகள், ஐநோடு டேபிள்கள் ஆகிய நிலையான இடங்களை முதல் ஐநோடைத் தொடும் முன்பே குறித்துவிடுங்கள்.

இதே தவறு இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கும். இரண்டு கோப்புகள் ஒரு பிளாக்கைப் பகிர்ந்தால் அதை நகலெடுத்து ஆளுக்கொன்றாகப் பிரிப்பீர்கள். நகலுக்கும் புது பிளாக் வேண்டும். ஐநோடுகளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பிரித்தால், இன்னும் படிக்காத ஐநோடின் பிளாக் உங்கள் வரைபடத்தில் காலியாகத்தான் தெரியும். முதல் கட்டம் முழுதாக முடிந்த பிறகே பிரிக்க வேண்டும். இ2எஃப்எஸ்செக்கில் 1பி, 1சி, 1டி என்று தனி உட்கட்டங்கள் இருப்பது இதனால்தான்.

அழித்த ஐநோடின் பிளாக்குகளை அதே ஓட்டத்தில் மறுபடி ஒதுக்காதீர்கள். தனியாகக் குறித்து வைத்துக் கடைசியில் விடுவியுங்கள். அழித்தது தவறு என்று பிறகு தெரிந்தால் தரவாவது வட்டில் மிஞ்சும்.

சீலைவரிசை

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் அன்டூ கோப்பில் எழுதுவதற்கும் வட்டில் எழுதுவதற்கும் நடுவில் எஃப்சிங்க் (தரவு வட்டை அடையும்வரை காத்திருக்கும் அழைப்பு) இருக்கிறதா? இல்லையென்றால் அன்டூ கோப்பு இருந்தும் பயனில்லை. ரைட் அழைப்பு திரும்பி வந்தது என்றால் தரவு கெர்னலின் நினைவகத்துக்குப் போனது என்று மட்டுமே பொருள். எது முதலில் வட்டுக்குப் போகும் என்பதைக் கெர்னல் தன் வசதிக்கு முடிவு செய்யும். புது பிளாக் வட்டில் ஏறி, பழைய உள்ளடக்கம் இன்னும் நினைவகத்திலேயே இருக்கும்போது மின்சாரம் போனால், திருப்புவதற்குக் கையில் எதுவும் இராது.

கோப்பைத் திறக்கும்போது ஓ_டைரக்ட் போட்டால் தீரும் என்று சிலர் நினைப்பார்கள். தீராது. அது கெர்னலின் பேஜ் கேஷைத் தாண்டும், வட்டுக்குள்ளே இருக்கும் எழுது-கேஷைத் தாண்டாது. அதைக் காலி செய்யும் ஃபிளஷ் கட்டளை எஃப்சிங்க் வழியாகத்தான் போகும்.

அன்டூவை வைத்துக்கொள்வதானால் வரிசை இப்படி: பழைய உள்ளடக்கத்தையும் அதன் செக்சம்மையும் (சரிபார்ப்பு எண்) அன்டூ கோப்பில் எழுது, எஃப்சிங்க், பிறகே வட்டில் எழுது. பிளாக்குக்கு ஒரு எஃப்சிங்க் என்றால் சுழலும் வட்டில் நகரவே நகராது. 256 பிளாக்குகளைச் சேர்த்து ஒன்று போதும். அன்டூ கோப்பு பழுது பார்க்கும் முறைமையின் மேலேயே இருக்கக் கூடாது, வேறு வட்டில் இருக்கட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் அன்டூவை விட்டு ரீடூவுக்கு மாறுங்கள். ஐந்து கட்டமும் வட்டைத் தொடவே வேண்டாம். "இந்த எண் பிளாக்கில் இந்த உள்ளடக்கம்" என்று எல்லாத் திருத்தமும் ஒரு பதிவுக் கோப்பில் சேரட்டும். கருவி பிளாக் படிக்கும்போது முதலில் பதிவில் பார்க்கும், இல்லையென்றால் வட்டில் படிக்கும். ஐந்தும் முடிந்ததும் அந்தக் கூட்டுப் பார்வையின் மேலேயே சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒரு பிழை தென்பட்டாலும் பதிவைத் தூக்கி எறிந்துவிட்டு நிறுத்தலாம். வட்டில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. நீங்கள் முதலில் கேட்ட "இரண்டாம் ஓட்டத்தில் புதுப் பிழை" போன்றவை பயனரின் வட்டை எட்டும் முன்பே இங்கே அகப்பட்டுவிடும்.

சுத்தமாக வந்தால் பதிவுக்கு எஃப்சிங்க். பிறகு செக்சம்மோடு ஒரு முடிவுக் குறி, அதற்கும் எஃப்சிங்க். அடுத்து சூப்பர்பிளாக்கில் "பிழை உள்ளது" என்ற நிலையைப் போட்டு ஃபிளஷ் செய்யுங்கள், பாதி திருத்திய முறைமை சுத்தமானது என்ற பெயரில் மவுன்ட் ஆகிவிடக் கூடாது. அதன் பிறகே பிளாக்குகளை வட்டில் எழுதி, ஃபிளஷ் செய்து, கடைசியாக "சுத்தம்" என்ற நிலை. நடுவில் எங்கே வெட்டினாலும் அடுத்த முறை முடிவுக் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் தொடக்கத்திலிருந்து மறுபடி எழுது. ஒரே உள்ளடக்கத்தை ஒரே இடத்தில் பத்து முறை எழுதினாலும் விளைவு ஒன்றுதான். இல்லையென்றால் பதிவை விட்டுவிடு. பதிவின் தலைப்பில் முறைமையின் யூயூஐடியை (அதன் தனி அடையாள எண்) வைக்க மறக்காதீர்கள், தவறான வட்டில் ஏற்றிவிடாமல் இருக்க.

ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே பதியும் பகுதி) உள்ள முறைமை என்றால் அதை இயக்கி முடித்த பிறகே முதல் கட்டம். இ2எஃப்எஸ்செக்கை எதையும் எழுதாத '-n' தெரிவோடு ஓட்டினால் ஜர்னல் இயக்கத்தைத் தவிர்த்துவிடும். அப்போது காட்டும் பிழைகளில் பல உண்மையான பிழைகளே அல்ல. உங்கள் கருவியின் சோதனை-மட்டும் வகையில் ஜர்னல் பிளாக்குகளையும் இதே கூட்டுப் பார்வையில் ஏற்றினால் அந்தக் குழப்பம் வராது.

எண்கூட்டி

நினைவகக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கருவி ஏன் சாகிறது என்பது தெரியும். 20 டிபி என்றால் 1,63,840 குரூப்புகள், சுமார் 134 கோடி ஐநோடுகள், 537 கோடி பிளாக்குகள். பிளாக்குக்கு ஒரு பிட் என்றால் 640 எம்பி. ஐநோடுக்கு ஒரு பிட் என்றால் 160 எம்பி. இவை தாங்கக்கூடியவை. ஹாஷ் டேபிளில் முனை ஒன்றுக்குச் சுட்டி, மாலாக் (நினைவகம் ஒதுக்கும் சி செயல்கூறு) எடுக்கும் கூடுதல் இடம் எல்லாம் சேர்த்து 48 பைட் என்று வைத்தால் 12 கோடிக்கு 5.4 ஜிபி. ஐநோடில் எழுதியிருக்கும் எண்ணிக்கை ஒரு டேபிள், டைரக்டரிகளிலிருந்து நீங்கள் எண்ணுவது இன்னொரு டேபிள். இரண்டாவது நிரம்ப ஆரம்பிப்பது இரண்டாம் கட்டத்தில். அங்கேதான் 8 ஜிபி தீர்கிறது.

பெரும்பாலான கோப்புகளுக்கு லிங்க் ஒன்றுதான். அதற்கு ஐநோடுக்கு ஒரு பிட் போதும். ஒன்றுக்கு மேல் உள்ளவை மட்டும் ஐநோடு எண் 4 பைட், எண்ணிக்கை 4 பைட் என்று வரிசைப்படுத்திய அணியில் இருக்கட்டும். ஹார்டு லிங்க் உள்ளவை 4 கோடி என்றாலும் 305 எம்பிதான். இரண்டு எண்ணிக்கைகளுக்கும் சேர்த்து 930 எம்பி, பிளாக் வரைபடமும் மற்ற ஐநோடு வரைபடங்களும் சேர்ந்தாலும் ஏறக்குறைய 2 ஜிபி. டைரக்டரிகள் எப்போதும் குறைந்தது 2 லிங்க் கொண்டவை, ஆகவே அவையும் அணிக்குத்தான் வரும். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஒரு டைரக்டரியின் லிங்க் 65,000-ஐத் தாண்டப் போனால் எக்ஸ்ட்4 அதை 1 என்று வைத்துவிடும். நான்காம் கட்டம் அதைப் பிழை என்று திருத்தக் கூடாது.

இ2எஃப்எஸ்செக்கில் இத்தகைய அட்டவணைகளை வட்டுக்கு மாற்றும் 'ஸ்கிராட்ச் ஃபைல்ஸ்' அமைப்பு உண்டு. டிடிபி என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் வைக்கும். அங்குமிங்கும் தாவிப் படிப்பதால் மிக மெதுவாகும். அந்தப் பக்கம் போகும் முன் மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 20 டிபியில் அடுத்து அதுதான் வரும். ஐநோடு டேபிள்கள் மொத்தம் 320 ஜிபி. நொடிக்கு 150 எம்பி வரிசையாகப் படிக்கும் வட்டில் 40 நிமிடத்துக்குள் முடியும். குரூப் விவரத்தில் "பயன்படாத ஐநோடுகள் இத்தனை" என்று இருப்பதை நம்பித் தாண்டினால் இன்னும் குறையும். அந்த விவரத்தின் செக்சம் பொருந்தினால் மட்டும் நம்புங்கள். உண்மையில் நேரத்தைத் தின்பது டைரக்டரி பிளாக்குகள். 50 லட்சம் பிளாக்குகளைக் கண்ட வரிசையில் படித்தால், நொடிக்கு 100 தாவல் கொடுக்கும் வட்டில் 50,000 நொடி, கிட்டத்தட்ட 14 மணி நேரம். முதல் கட்டத்தில் பட்டியல் சேர்த்து, பிளாக் எண்ணால் வரிசைப்படுத்திய பிறகு படியுங்கள்.

நிரல்தச்சன்

மூவருக்கும் நன்றி. ஒதுக்கும் செயல்கூறை மாற்றியதும் முதல் பிழை போய்விட்டது. நினைவகம் 2.1 ஜிபிக்கு இறங்கியது. ரீடூ முறைக்கு மாற்றிவிட்டேன். இனி எங்கே வெட்டினாலும் சரியாகவே இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? கையால் வெட்டிப் பார்ப்பது போதுமா? இன்னொன்று: முழுதும் நிரம்பிய இமேஜ்களில் லாஸ்ட்+ஃபவுண்டுக்கு பிளாக் இல்லாமல் கருவி பாதியில் நிற்கிறது.

சீலைவரிசை

கையால் வெட்டுவது போதாது. லினக்ஸ் கெர்னலில் டிஎம்-லாக்-ரைட்ஸ் என்ற டார்கெட் (வட்டுக்கு முன் நிற்கும் ஓர் அடுக்கு) உண்டு. வட்டுக்குப் போகும் ஒவ்வொரு எழுதுதலையும் ஃபிளஷ்களையும் வரிசையாகப் பதிந்து வைக்கும். கெட்ட இமேஜின் நகல் ஒன்றில் அந்தப் பதிவின் முதல் 0, 1, 2 என ஒவ்வொரு எழுதுதல் வரையிலும் ஏற்றி, அந்தந்த நிலையில் கருவியை மறுபடி ஓட்டுங்கள். 200 எழுதுதல் என்றால் 201 நிலை. எல்லாவற்றிலும் முடிவு சுத்தமாக வர வேண்டும். இரண்டு ஃபிளஷ்களுக்கு நடுவே உள்ள எழுதுதல்களை முன்பின்னாகக் கலைத்தும் ஏற்றிப் பாருங்கள், வட்டு அப்படிச் செய்ய உரிமை உண்டு.

இமேஜ்கள் 8 எம்பி அளவில் சிறியவையாக இருக்கட்டும். டீபக்எஃப்எஸ் (முறைமையின் புலங்களை நேரடியாக மாற்ற உதவும் கருவி) கொண்டு ஒரு இமேஜில் ஒரே ஒரு புலத்தைக் கெடுங்கள். இ2எஃப்எஸ்செக்கை உள்ளடக்கிய இ2எஃப்எஸ்ப்ராக்ஸின் சோதனைத் தொகுப்பில் பெரும்பாலான இமேஜ்களுக்கு எதிர்பார்க்கும் வெளியீடு இரண்டு: முதல் ஓட்டத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று. இரண்டாவது சுத்தமாக வருகிறதா என்பதே முக்கியம். அதே முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிட்காவலர்

நிரம்பிய வட்டுக்கு: எத்தனை அனாதைகள் என்று முதலில் எண்ணி, தேவையைக் கணக்கிட்ட பிறகு தொடங்குங்கள். பெயர் '#' குறியும் ஐநோடு எண்ணும். எண் 8 முதல் 10 இலக்கம் வரை உள்ளீடு 20 பைட்தான், ஆக ஒரு பிளாக்கில் 204. எக்ஸ்ட்4-இன் வடிவமைப்புக் கருவியான எம்கே2எஃப்எஸ் 4 கேபி பிளாக்கில் லாஸ்ட்+ஃபவுண்டை 16,384 பைட்டாக முன்கூட்டியே உருவாக்குவது இந்த நெருக்கடிக்காகவே. அந்த நான்கு பிளாக்குகளில் சுமார் 815 உள்ளீடுகள் அடங்கும். உங்கள் வடிவமைப்புக் கருவியிலும் அப்படியே செய்யுங்கள். காலியானாலும் அந்த டைரக்டரியைச் சுருக்காதீர்கள்.

அதற்கும் மேல் அனாதைகள் இருந்து இடமே இல்லையென்றால், இணைக்க முடியாதவற்றை ஐநோடு எண்ணோடு பட்டியலிட்டு, முடிவுக் குறி வைக்காமல் வெளியேறுங்கள். வெளியேறும் எண் 4. திருத்தப்படாத பிழை மிஞ்சியிருக்கிறது என்பதற்கு எஃப்எஸ்செக் கருவிகள் கொடுக்கும் எண் அதுதான். கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட்கள் அதைப் பார்த்து நின்றுவிடும். நினைவகம் போதாமல் நின்றால் 8, பயனர் நிறுத்தினால் 32. இவற்றை 1-ஓடு (பிழைகள் திருத்தப்பட்டன) கலந்துவிட்டால், திருத்தியாயிற்று என்று நம்பி அந்த முறைமை மவுன்ட் ஆகிவிடும்.