மாடி வீட்டுப் பாட்டி சொல்லிக் கொடுத்த மாம்பழ கலெத்

கலெத் என்பது மாவில் பழம் வைத்துச் சுடும் பிரெஞ்சுப் பலகாரம். அதைச் செய்ய அச்சு எதுவும் வேண்டாம். மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தைப் பரப்பி, ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டால் போதும். வட்டம் கோணலாக வந்தாலும் அழகுதான். ஆனால் புதுச்சேரி வெயிலில் அதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முத்தியால்பேட்டையில் எங்கள் மாடி வீட்டில் இருந்த பாட்டி. அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர்.

வெயில் ஏறுவதற்குள் மாவு வேலையை முடித்துவிடுவார். 200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் வெண்ணெய். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி மாவில் பிசிறுவார். "விரல் நுனி போதும்மா, உள்ளங்கைச் சூடு பட்டா வெண்ணெய் உருகிடும்" என்பார். அங்கங்கே வெண்ணெய் துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். சூட்டில் அவை உருகும்போது, அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும். அப்புறம் மூன்று நான்கு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் தெளித்து, சேர்த்துப் பிடித்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருக்கும், தனியாகப் போட வேண்டாம்.

மாம்பழம் சாறு விடும், அடிமாவு சொதசொதவென்று ஆகிவிடும். இதற்காக பிரான்சில் பழத்துக்கு அடியில் பாதாம் பொடி தூவுவது உண்டு. பாட்டி தூவியது பண்ருட்டி முந்திரி. மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றிக் கொரகொரப்பாக எடுப்பார். விடாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். என்னைக் கேட்டால் மாம்பழத்துக்குப் பாதாமைவிட முந்திரிதான் பொருத்தம்.

ஓடிஜியில் (கேக் சுடும் சிறிய மின்சார அடுப்பு) 200 டிகிரி செல்சியஸ், 35 முதல் 40 நிமிடம். மேலே சிவந்ததும் எடுத்துவிடாதீர்கள். தோசைத் திருப்பியால் ஓரத்தைத் தூக்கி, அடிப்பக்கமும் பொன்னிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறிய பிறகு வெட்டினால்தான் துண்டு உடையாது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் செய்யும் கலெத் வேறு. அது அடுக்கு மாவில் பாதாம் பூரணம் வைத்து மூடியது, உள்ளே ஒரு சிறு பொம்மையை ஒளித்து வைப்பார்கள். அதற்கு வேலை அதிகம், புதிதாகச் செய்பவர்கள் பழ கலெத்திலேயே தொடங்கலாம்.

அடுத்து பண்ருட்டிப் பலாச்சுளையில் செய்யப் போகிறேன். வெல்லம் தூவலாம் என்று எண்ணம். கடலூர்ப் பக்கம் யாராவது ஏற்கெனவே செய்திருந்தால், சுளையை முதலில் வதக்கினீர்களா, அப்படியே வைத்தீர்களா என்று எழுதுங்கள்.