‘ஸ்லாலம் அடிக்கிறான்’ என்று சைக்கிள்காரரைச் சொல்லலாமா?

யீஷூன்வாசி:
எங்க புளோக் நடைபாதையில் சாப்பாடு கொண்டுபோகிற ஒருவர் தாத்தா பாட்டிகளுக்கு நடுவே புகுந்து ஓட்டுகிறார். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் “ஸ்லாலம் அடிக்கிறான்” என்று எழுதினார். எனக்கு ஒப்பவில்லை. ஸ்லாலம் என்பது பனிச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிற சறுக்குப் போட்டி. அதில் இஷ்டத்துக்கு வளைவது இல்லை. கம்பம் நட்டு வழி வகுத்திருப்பார்கள். கம்பங்களால் குறித்த இடைவெளிக்கு வாயில் என்று பேர்; ஒரு வாயிலை விட்டுவிட்டு இறங்கினால் தகுதி நீக்கம். இரண்டு ஓட்டம், இரண்டுக்கும் தடம் வேறு. கண்டபடி ஓட்டுகிறவருக்கு அந்தப் பேரா?

பொங்கோல் சேது:
பேச்சுவழக்குக்கு விதிப்புத்தகம் எதுக்கு அண்ணே? அது நார்வே நாட்டுப்புறச் சொல். சரிவில் பதிந்த சறுக்குத்தடம், அவ்வளவுதான். கம்பம் நட்ட நவீனப் போட்டியை ஆர்னால்ட் லன் சுவிட்சர்லாந்தின் மியூரனில் 1922இல்தான் நடத்தினார். துடுப்புப்படகுக்கும் அந்தப் பேர் போய்விட்டது; 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலேயே படகு ஸ்லாலம் நடந்தது.

யீஷூன்வாசி:
படகிலும் வாயில் உண்டே! கம்பத்தைத் தொட்டால் 2 விநாடி, வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி அபராதம். உங்க உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுது.

ஜூரோங் ராணி:
நீங்க ரெண்டு பேரும் டிவியில் ஸ்லாலம் பார்த்ததே இல்லையோ? சறுக்குபவர்கள் கம்பத்துக்கு ஒதுங்குவதே இல்லை. அடியில் மடங்குகிற கம்பம் 1980களில் வந்ததிலிருந்து இடித்துச் சாய்த்துக்கொண்டே போகிறார்கள். கையிலும் கணுக்காலுக்கு மேலேயும் கவசம் அதுக்குத்தான். பாதமும் சறுக்குக்கட்டை நுனியும் சரியான பக்கமாகப் போனால் போதும். அப்படிப் பார்த்தால் உங்க சைக்கிள்காரர் பாட்டிகளை இடித்துத் தள்ளுறார்னு அர்த்தம் 😄

பொங்கோல் சேது:
ஹாஹா! ஆனாலும் கேட்கிறவர் மனசில் வருவது வளைவு மட்டும்தான். கேள்விக்கு நேரா பதில் சொல்லாதவரைக்கூட இப்படிச் சொல்லலாம்.

யீஷூன்வாசி:
அதுக்கு ‘நழுவுறார்’னு சொன்னால் போதாதா? என் எரிச்சல் வேறே. சிங்கப்பூர் நடைபாதையில் வேக வரம்பு மணிக்கு 10 கி.மீ. அதை மீறி ஓட்டுவதைச் சாகசம் மாதிரி காட்டுது இந்தச் சொல்.

பொங்கோல் சேது:
அவருக்கும் வாயில் இருக்கே. இந்தக் கடை, அந்த புளோக், இத்தனை நிமிஷம். ஒண்ணு தவறினால் வருமானம் அடிபடும். நீங்க சொன்ன கட்டுப்பாடு இதுதானே?

யீஷூன்வாசி:
அந்த நேரக்கெடு சாப்பாடு அனுப்புகிற செயலி வைத்தது. பாட்டி அந்தப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கவே இல்லையே. குழுவில் நான் ‘புகுந்து புகுந்து ஓட்டுறான்’னுதான் எழுதப்போறேன்.