ஐரோப்பிய ஒன்றியத்தைக் கற்பிக்க எத்தகைய ஆசிரியர் பயிற்சி உண்மையில் உதவும்?

கேள்வி (உலக வரலாற்று ஆசிரியை, வட கரோலினா)

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போர் வரை பாடம் உயிரோட்டத்துடன் நடக்கிறது. அதன் பிறகு ஐரோப்பா ஒன்றுசேர்ந்த கதைக்கு வந்ததும், 1951இல் பாரிஸ் (நிலக்கரி, எஃகு ஒப்பந்தம்), 1957இல் ரோம், 1992இல் மாஸ்டிரிக்ட் என்று ஒப்பந்தங்களின் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. "சமாதானம்தான் நோக்கம் என்றால் முதலில் ஏன் நிலக்கரியைப் பற்றிப் பேசினார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நிறைவான விடை சொல்ல முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. சென்ற ஆண்டு நான் போன ஒரு நாள் பயிற்சியில் நாள் முழுவதும் விரிவுரைதான் நடந்தது. உரிமப் புதுப்பிப்புக்குத் தேவையான மணிநேரம் கிடைத்ததே தவிர, வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல எதுவும் கிடைக்கவில்லை. இந்தக் கோடையில் எதைத் தேடிப் போகலாம்?

மறுமொழி 1 (சமூக அறிவியல் ஆசிரியர், பென்சில்வேனியா)

பல்கலைக்கழகங்களின் ஐரோப்பிய ஆய்வு மையங்கள் கோடையில் நடத்தும் பயிற்சிகளைப் பாருங்கள். ஆனால் விண்ணப்பிக்கும் முன், ஆசிரியர்களை மாணவர்களின் இடத்தில் உட்காரவைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; என் அனுபவத்தில் பயிற்சியின் தரம் அதில்தான் இருக்கிறது.

நான் போன இடத்தில் ஆளுக்கு ஒரு நாட்டைக் கொடுத்து, 2035 முதல் விற்கும் புதிய கார்கள் கரியமில வாயு வெளியிடக் கூடாது என்ற சட்டத்தின் மீது உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடி வாக்களிக்கும் ஒன்றியத்தின் அமைச்சர்கள் அவையைப் போலவே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சட்டம் நிறைவேற, 27 நாடுகளில் குறைந்தது 15 ஆதரிக்க வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 விழுக்காடாவது இருக்க வேண்டும். தடுக்க விரும்புவோருக்கு 35 விழுக்காட்டுக்கு மேல் மக்கள்தொகை இருந்தாலும் குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும். எனக்குக் கிடைத்தது பல்கேரியா. ஜெர்மனி, இத்தாலி, போலந்து ஆகிய மூன்றும் கைகோத்த பிறகும் நான்காவது நாடு தேவைப்பட்டதால், மேசையைச் சுற்றி அனைவரும் என்னிடம் வந்தார்கள். வாக்களிக்காமல் விலகினாலும் எதிர்ப்பாகவே கணக்கிடப்படும் என்பதை அந்த அரைமணி நேரத்தில்தான் உணர்ந்தேன். 2023 மார்ச்சில் ஜெர்மனி கடைசி நேரத்தில் தயங்கியபோது உண்மையான வாக்கெடுப்பே தள்ளிப்போனதற்கான காரணமும் அப்போது விளங்கியது. என் மாணவர்களுடன் இதை இருமுறை செய்துவிட்டேன்.

உங்கள் மாணவியின் கேள்வி அருமையானது. பீரங்கி செய்ய எஃகு வேண்டும். எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கின் நிலக்கரியையும் பிரான்சின் லொரைன் பகுதியின் இரும்புத்தாதுவையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லிவிட்டு, 1950 மே 9ஆம் நாள் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமன் விடுத்த அறிவிப்பைப் படிக்கக் கொடுங்கள். இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தியையும் ஒரே பொது அமைப்பின்கீழ் வைத்தால் அவற்றுக்கிடையே போரே நடக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அவரே பிறப்பால் ஜெர்மன் குடிமகன்; முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார்.

மறுமொழி 2 (ஜெர்மனியில் பணியாற்றும் ஆசிரியை)

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பிரான்சும் ஜெர்மனியும் செய்துகொண்ட நட்புறவு உடன்பாடான எலிசே ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டான 2003இல், இரு நாட்டு இளைஞர்கள் கூடிய அவையில் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதன் முதல் தொகுதி 2006இல் வெளிவந்தது. அது 1945க்குப் பிந்தைய காலத்தைப் பேசுவது. இரு நாட்டுப் பார்வைகளும் எங்கே பிரிகின்றன என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. எங்கள் பயிற்சியில் ஒரே நிகழ்வை இரு நாட்டுப் பழைய பாடநூல்களில் ஒப்பிட்டுப் படித்தோம். ஒரு பக்கம்தான், ஆனால் ஒரு காலை முழுவதும் அதிலேயே கழிந்தது.

மறுமொழி 3 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

ஆங்கிலத்தில் மூன்று அமைப்புகளின் பெயரிலும் 'கவுன்சில்' என்றே வருவதால் எழும் பெயர்க் குழப்பத்தைப் பயிற்சியில் தீர்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய உச்சி அவை வேறு. அமைச்சர்கள் அவை வேறு. 1949இல் தோன்றி ஸ்ட்ராஸ்பூர்கில் இயங்கும் ஐரோப்பிய மன்றம் ஒன்றியத்தின் உறுப்பே அன்று. பன்னிரண்டு நட்சத்திரக் கொடியை 1955இல் முதலில் ஏற்றுக்கொண்டது அந்த மன்றம்தான். நட்சத்திரங்கள் நாடுகளின் எண்ணிக்கை என்று நானும் பல ஆண்டுகள் தவறாகவே கற்பித்தேன் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரூர், லொரைன் வரைபடத்தை வரும் திங்கட்கிழமையே அந்த மாணவியிடம் கொடுக்கப்போகிறேன். வாக்கெடுப்புப் பயிற்சியில் மக்கள்தொகை விழுக்காடுகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்தீர்களா, அல்லது மாணவர்களையே கணக்கிடச் சொன்னீர்களா, ஐயா?