அறுபதைத் தாண்டிய அதிரடி நாயகர்கள்: தொடர்வதா, நிறுத்துவதா?

இளமாறன்:
2025 மே மாதம் வந்த எட்டாவது ‘மிஷன்: இம்பாசிபிள்’ படத்தோடு டாம் குரூஸ் அந்தத் தொடரை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. 1996இல் முதல் படம் வந்தபோது அவருக்கு 33 வயது, எட்டாவது வந்தபோது 62. இத்தனை வருடத்தில் அவர் நடிக்கும் ஈதன் ஹன்ட் என்ற மனிதனுக்குக் கதையில் வயதாகவே இல்லை. ஹாரிசன் ஃபோர்டு 80 வயதில் இன்டியானா ஜோன்ஸாக மீண்டும் வந்தது 2023இல். படத்தின் தொடக்கம் 1944இல் நடப்பதால் கணினி மூலம் அவர் முகத்தை இளமையாக்கினார்கள். முகம் இளமை, குரலும் ஓட்டமும் முதுமை. சுமார் 30 கோடி டாலர் செலவழித்த படம் உலகம் முழுக்க 38 கோடி டாலர்தான் வசூலித்தது. தியேட்டர்காரர்களின் பங்கு போக என்ன மிஞ்சும்?

பவானி:
இளமாறன், இந்த இருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஃபோர்டு விஷயத்தில் கணினி செய்ததைக் குரூஸ் தன் உடம்பால் செய்கிறார். 2017இல் லண்டனில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கணுக்கால் எலும்பு முறிந்தது. சுவரைப் பிடித்து ஏறி, நொண்டிக்கொண்டே ஓடி அந்த ஷாட்டை முடித்தார். மிஷன் தொடரின் ஆறாவது படமான ‘ஃபால்அவுட்’டில் இருப்பது அதே ஷாட்தான். அப்போது அவருக்கு 55 வயது. எட்டாவது படத்துக்காகத் தென்னாப்பிரிக்காவில் பறக்கும் விமானத்தின் இறக்கையில் தொங்கியிருக்கிறார். ரசிகர்கள் இதை வேண்டாம் என்றா சொன்னார்கள்? 2022இல் ‘டாப் கன்: மேவரிக்’ கிட்டத்தட்ட 149 கோடி டாலர் வசூலித்ததே!

இளமாறன்:
நீங்கள் சொல்லும் மேவரிக் என் பக்கம்தான் பேசுகிறது. முதல் ‘டாப் கன்’ வந்து 36 வருடம் கழித்து வந்த அந்தப் படத்தில் அவன் பதவி உயர்வு இல்லாத பழைய விமானி, இளையவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். கூட நடித்த வால் கில்மருக்குத் தொண்டைப் புற்றுநோயால் குரல் போனதைக் கூட மறைக்காமல், அவருடைய பாத்திரத்துக்கும் அதே நோயைக் கொடுத்தார்கள். அந்த ஒரு காட்சியில் இருந்த கனம் கடைசி இரண்டு மிஷன் படங்களில் எங்கே இருக்கிறது? இரண்டும் தனித்தனியே 60 கோடி டாலரைக் கூடத் தொடவில்லை. செலவோ ஒவ்வொன்றுக்கும் 30 கோடியை ஒட்டியோ தாண்டியோ போயிருக்கிறது.

குமரேசன்:
இதற்கு ஜேம்ஸ் பாண்ட் படக்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ரோஜர் மூர் 1985இல் 57 வயதில் கடைசியாக நடித்தார். இரண்டே வருடத்தில் 41 வயது டிமோதி டால்டன் வந்தார். 1962லிருந்து 25 படம், ஆறு நடிகர்கள். ‘மேட் மேக்ஸ்’ மட்டும் என்ன? மெல் கிப்சன் மூன்று படம் செய்தார், 2015இல் டாம் ஹார்டி வந்தார், படம் ஆறு ஆஸ்கர் வாங்கியது. ஆளை மாற்றுங்கள், பாத்திரம் வாழும்.

பவானி:
குமரேசன் அண்ணே, பாண்ட் நாவலிலிருந்து வந்தவன். யார் வேண்டுமானாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். ஈதன் ஹன்ட் என்ற பெயருக்காக டிக்கெட் வாங்குகிறவர் யாராவது உண்டா? 2011இல் மிஷன் தொடருக்குள் ஜெரமி ரென்னரைக் கொண்டுவந்தபோது அடுத்தவர் இவர்தான் என்று பேச்சு அடிபட்டது. 2018இல் வந்த ‘ஃபால்அவுட்’டில் அவரே இல்லை. இன்டியானா ஜோன்ஸுக்கு 2008இல் ஒரு மகனைக் கொடுத்தார்கள், அடுத்த படத்தில் அவன் வியட்நாம் போரில் இறந்துவிட்டதாக முடித்தார்கள். ‘டெர்மினேட்டர்’ 2009இல் அர்னால்டின் முகத்தை மட்டும் கணினியில் காட்டிப் பார்த்துவிட்டு, 2015இல் அவரையே திரும்ப அழைத்தது. வாரிசை ஒப்படைக்கும் முயற்சி எல்லாம் இப்படித்தான் போகிறது.

இளமாறன்:
எல்லாம் அப்படிப் போகவில்லை. 2015இல், ‘ராக்கி’ குத்துச்சண்டைப் படங்களின் தொடர்ச்சியாக ‘க்ரீட்’ வந்தது. ஸ்டாலோன் ரிங்குக்கு வெளியே நின்று இன்னொரு பையனுக்குப் பயிற்சி கொடுத்தார். ராக்கிக்குப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை வேண்டாம் என்று மறுத்தான். அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 2023இல் மூன்றாவது ‘க்ரீட்’ ராக்கி இல்லாமலே வந்தது. அதே ஸ்டாலோன் 2019இல் 73 வயதில் ராம்போவாக ஆட்களை வரிசையாகக் கொன்றார். எது நினைவில் நிற்கிறது, சொல்லுங்கள். நடிகரைத் துரத்தச் சொல்லவில்லை. பாத்திரத்துக்கும் வயதாகட்டும் என்கிறேன்.

தேன்மொழி:
இவ்வளவு பேசியும் டூப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நாயகனுக்கு வயதாக வயதாக, சண்டையின் பாரம் முகம் தெரியாத இன்னொருவர் மேல் ஏறுகிறது. 2019இல் இங்கிலாந்தில் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ தொடரின் ஒன்பதாவது படத்தின் படப்பிடிப்பில் நாயகன் வின் டீசலின் டூப் உயரத்திலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். சண்டை, சாகசக் காட்சி வடிவமைப்புக்கு ஆஸ்கர் கொடுக்க அகாடமி 2025இல்தான் முடிவு செய்தது. முதல் விருது 2028 விழாவில், 2027இல் வெளியாகும் படங்களுக்கு. ஆஸ்கர் தொடங்கி நூறு வருடம் ஆகப்போகிறது! 80 வயது நாயகன் குதிரையில் பாய வேண்டும் என்று எழுதும்போதே, பாயப்போவது யார் என்றும் யோசிக்க வேண்டும்.

பவானி:
தேன்மொழி சொல்வது என்னை உறுத்துகிறது. ஆனால் அதனால்தான் குரூஸைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்வேன். ஆபத்தைத் தானே சுமக்கிறார்.

தேன்மொழி:
தானே சுமக்கிறார், சரி. அவர் இறக்கையில் தொங்கும்போது அந்த விமானத்தை ஓட்டுகிறவரும், பக்கத்தில் பறந்து படம் எடுக்கிறவரும் அதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயரை உங்களால் சொல்ல முடியுமா?