டாம்கேட் 9: படிவத்தில் அனுப்பும் தமிழ் சிதைகிறது, உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். ஒரு சிறிய நூலகத்துக்கான ஜாவா செயலி டாம்கேட் 9 என்ற ஜாவா வலைச் சேவையகத்தில் ஓடுகிறது. இரண்டு நாளாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தேடல் பெட்டியில் தமிழ் சரியாக வருகிறது. அது கெட் கோரிக்கை, சொல் முகவரியிலேயே போகும். டாம்கேட் 8 முதலே முகவரிக்கு, தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கமான (என்கோடிங்) யூடிஎஃப்-8தான் இயல்பு. உறுப்பினர் படிவத்தை போஸ்ட்டில் (தரவு முகவரியில் இல்லாமல் கோரிக்கையின் உடலில் போகும் முறை) அனுப்பினால் மட்டும் பெயர் கந்தலாகிவிடுகிறது. ‘முருகன்’ என்று கொடுத்தால் செயலியின் பதிவில் (லாக்) பெயரின் நீளம் 21 என்று விழுகிறது. ஏழு குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதாவது யூடிஎஃப்-8ஐ, ஒரு பைட்டை ஓர் எழுத்தாக எடுக்கும் ஐஎஸ்ஓ-8859-1 என்று நினைத்துப் படிக்கிறது. டேட்டாபேஸுக்குப் போகும் முன்பே கெட்டுவிடுகிறது.

செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்-இல், கோரிக்கையின் என்கோடிங்கை அமைக்கும் செட்கேரக்டர்என்கோடிங்ஃபில்டரை எல்லாவற்றுக்கும் மேலே போட்டுப் பார்த்தேன். பலனில்லை. உள்நுழைவைச் சரிபார்க்கும் ஃபில்டர் அந்தக் கோப்பில் இல்லை, ஜாவா நிரலுக்குள்ளேயே அனோடேஷன் குறிப்பாக இருக்கிறது. அது முந்திக்கொண்டு படிவத் தரவைப் படிக்கும் கெட்பாராமீட்டரை அழைக்கிறதோ என்று சந்தேகம். ஒருமுறை படித்துவிட்டால் அப்புறம் என்கோடிங் மாற்றிப் பயனில்லையே.

அந்த உள்நுழைவு ஃபில்டரையும் வெப்.எக்ஸ்எம்எல்-க்குக் கொண்டுவந்து வரிசைப்படுத்துவதுதான் வழியா? அல்லது சர்வ்லெட் 4.0-இல் (ஜாவா வலைச் செயலிகளுக்கான விதிமுறை) வந்த ரெக்வெஸ்ட்-கேரக்டர்-என்கோடிங் வரியை வெப்.எக்ஸ்எம்எல்-இல் போட்டாலே போதுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். உறுப்பினர்கள் பெயர் தமிழில்தான் பதிய வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிச் சமாளிக்க எனக்கு மனமில்லை.